கம்பிக்கு நிறம் அடிக்குமுன் டின்னுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி: திருகோணமலையில் லேத்தும் வெல்டிங்கும் சேர்ந்த பட்டறை வைத்திருக்கிறேன். படகுகளுக்கு ஷாப்ட், நிலாவெளிப் பக்க ஹோட்டல்களுக்கு ஸ்டெயின்லெஸ் கைப்பிடி, அலுமினிய ஏணி என்று கலந்த வேலை. ஸ்டெயின்லெஸ்ஸில் 304, 316 என்ற வகைகள், பித்தளை, வெண்கலம், அலுமினியம் எல்லாம் ஒரே றாக்கையில் கிடப்பதால் நிறம் அடித்துப் பிரிக்கிறோம். 316 கம்பிக்குப் படகின் அடிக்கு அடித்து மிஞ்சிய சிவப்பு ஆன்டிஃபௌலிங். 304 குழாய்க்கு மஞ்சள் பிரைமர். அலுமினியத்துக்கு நீல இன்சுலேஷன் டேப். போன மாரி முடிந்து டேப்பைக் கழற்றினால் அடியில் வெள்ளைப் பூவும் குழியுமாக இருந்தது. மஞ்சள் அடித்த குழாயை வெல்ட் பிடித்த இடத்தில் மயிர்க்கோடாக வெடிப்பு. அதை ஒட்டிய பையனுக்கு அன்றிரவு குளிர்காய்ச்சல். எந்தப் பெயின்ட் பாதுகாப்பானது? வீதிக்குக் கோடு போடும் பெயின்ட் மலிவாகக் கிடைக்கிறது, எடுக்கலாமா? எல்லோரும் பின்பற்றும் நிற அட்டவணை ஏதும் உண்டா?
பட்டறை உரிமையாளர், திருகோணமலை

பதில்: அன்புள்ள ஐயா,

முதலில் பையன். பெயின்ட் பூசிய, அல்லது கல்வனைஸ் செய்த உலோகத்தை ஒட்டிய அன்றிரவே குளிர், நடுக்கம், வாயில் உலோகச் சுவை, வறட்டு இருமல் வந்தால் அது பெரும்பாலும் நாகப் (சிங்க்) புகையால் வரும் காய்ச்சல். ஒன்றிரண்டு நாளில் தானாக விட்டுவிடும். ஆனால் கதமியம் என்ற உலோகத்தின் புகையும் தொடக்கத்தில் இதே முகத்தோடுதான் வரும். அது நுரையீரலில் நீர் கோக்க வைத்து ஆளைக் கொல்லக்கூடியது. ஆகவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு இறுகினாலோ காய்ச்சல் தணியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பெயின்ட் டின்னையும் கையோடு எடுத்துச் சென்று டொக்டரிடம் காட்டுங்கள். பால் குடித்தால் புகை இறங்கிவிடும் என்று பாஸ்மார், அதாவது கைதேர்ந்த தொழிலாளர்கள், சொல்வார்கள். பால் போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு.

இனி பெயின்ட். உங்கள் மூன்று தெரிவும் மூன்று விதமாகப் பிழைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏன் பிழைத்தது என்று தெரிந்தால் எதை வாங்குவது என்பது தானாகத் தெளியும்.

டேப்பில் தொடங்குவோம். இன்சுலேஷன் டேப் என்பது பீ.வீ.சீ. சுத்தமான பீ.வீ.சீ.யின் நிறையில் பாதிக்கு மேல் குளோரின். சூடு பட்டால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையாக வெளியேறும். ஆனால் உங்கள் அலுமினியத்தைத் தின்றது பெரும்பாலும் அந்தக் குளோரின் அல்ல, நம் ஊர்க் காற்றில் வந்த உப்பு. கழற்றிய டேப்பின் அடையாளத்தை உற்றுப் பாருங்கள். ஓரத்திலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீற்றர் உள்ளே, பசை விட்டுப்போன இடங்களில்தான் வெள்ளைப் பூ பூத்திருக்கும். நடுவில், பசை நன்றாகப் பிடித்த இடத்தில், உலோகம் பளபளப்பாகவே இருக்கும். டேப்பின் ஓரத்தால் உப்பீரம் உள்ளே ஊறுகிறது. அது காய வழியில்லை. உள்ளே ஒட்சிசன் குறைகிறது. அலுமினியத்தையும் ஸ்டெயின்லெஸ்ஸையும் காப்பது மேலே தானாகப் படரும் மெல்லிய ஒட்சைட்டுத் தோல். ஒட்சிசன் இல்லாத இடத்தில் அந்தத் தோல் கிழிந்தால் மறுபடி மூடாது, குளோரைட்டு குழி தோண்டும். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் எந்த டேப்பையும், ஸ்டிக்கரையும் நீண்ட நாள் அடையாளமாக ஒட்டி வைக்காதீர்கள். ஸ்டெயின்லெஸ்ஸிலும் இதே கதைதான், கொஞ்சம் தாமதமாக நடக்கும்.

மஞ்சள் பிரைமர் வேறு வகை ஆபத்து. மஞ்சள் பிரைமர்களில் நாகக் குரோமேட், ஈயக் குரோமேட், நாகப் பொஸ்பேட் என்று பல உண்டு. குரோமேட் வகையில் இருப்பது ஆறு வலுவுள்ள குரோமியம். அது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதி செய்யப்பட்ட பொருட்களின் முதல் பட்டியலில் இருக்கிறது. ஆளுக்கு அது. உலோகத்துக்கு வரும் கேடு உருகுநிலையில் இருக்கிறது. வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகும், கதமியம் 321இல், ஈயம் 327இல், நாகம் 420இல். ஸ்டெயின்லெஸ் உருகுவதோ 1,400 பாகைக்குக் கிட்ட. வெல்டிங் செய்யும்போது ஒட்டுக்குப் பக்கத்தில் ஸ்டெயின்லெஸ் செஞ்சூடாகத் திடமாய் நிற்க, அதன் மேலே நாகம் தண்ணீராக ஓடும். அந்தத் திரவம் உலோகத்தின் நுண்ணிய மணிகளுக்கு (கிரெயின்) இடையே உள்ள எல்லைகளில் புகுந்துவிடும். ஒட்டு ஆறிச் சுருங்கும்போது இழுவிசை வருகிறது, எல்லைகள் நூல் பிரிவதுபோலப் பிரிகின்றன. நொடிக் கணக்கில் முடிந்துவிடும் வேலை இது. நாகத்தை உலோகப் பொடியாகவே கொண்ட சாம்பல் நிற சிங்க் பிரைமர்தான் இதில் மிகக் கொடியது. ஒட்சைட்டாகவோ உப்பாகவோ இருக்கும் நாகம் அவ்வளவு வேகமில்லை. ஆனாலும் பெயின்ட்டின் பசை கருகும்போது வரும் கரி அதில் ஒரு பகுதியை உலோகமாக்கிவிடலாம்.

உங்கள் குழாயில் வந்த வெடிப்பு இதனால்தானா என்று கடிதத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. பார்க்க வேண்டிய இடத்தைச் சொல்கிறேன். ஒட்டின் நடுமுதுகில் நீளவாக்கில் ஓடினால், அது ஒட்டு உலோகம் ஆறும்போது வந்த வெடிப்பாக இருக்கலாம். வெல்டிங் கம்பியின் தெரிவையும் கரண்டையும் சரிபாருங்கள். ஒட்டுக்கு வெளியே, பெயின்ட் கருகிய பட்டைக்குள், வேர் மாதிரிக் கிளை பிரிந்து நின்றால் நாகத்தின் மேல் சந்தேகப்படுங்கள். எப்படியானாலும் அதன் மேல் இன்னொரு ஓட்டம் போட்டு மூடாதீர்கள், நாகம் இன்னும் ஆழமாகப் போகும். டை பெனட்ரன்ட் என்ற, வெடிப்புக்குள் ஊறி அதைக் காட்டும் சாயத்தை அடித்து வெடிப்பு எங்கே முடிகிறது என்று பார்த்து, அதற்கு அப்பால் குறைந்தது 50 மில்லிமீற்றர் தள்ளி வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் துண்டு வையுங்கள். கிரைண்டரால் தேய்த்து எடுக்கப் பார்ப்பது வீண். மென்மையான நாகத்தைக் கிரைண்டர் அரைக்காது, மேற்பரப்பில் அப்பிவிடும்.

ஆன்டிஃபௌலிங்கின் சிவப்பு பெரும்பாலும் செப்பு ஒட்சைட்டிலிருந்து வருவது. சிப்பியையும் பாசியையும் கொல்வதற்கென்றே செய்த நஞ்சு. 316 கம்பியில் அது சும்மா கிடக்கும்வரை பெரிய கேடில்லை. வெல்ட் சூட்டில் செப்பும் நாகத்தைப் போலவே மணி எல்லையில் புகும். பக்கத்தில் கிடக்கும் அலுமினியத்தில் அந்தத் தூள் உதிர்ந்து உப்பீரமும் சேர்ந்தால், அலுமினியம் மின்கலத்தின் தகடுபோலக் கரையும். அதைச் சுரண்டும்போது கிளம்பும் தூசும் நஞ்சு. கம்பியின் முனையில் மட்டும் அடித்திருந்தால் அந்த 100 மில்லிமீற்றரை வாளால், குளிர்நீர் விட்டு, வெட்டிப் போடுங்கள். கழுவித் தேய்க்கும் கூலியைவிட அது மலிவு.

இப்போது கடைக்குப் போகலாம். ஹாட்வெயார் கடையில் எல்லோரும் கேட்பது "நல்ல பளிச்சென்ற நிறம் இருக்கா?" என்று. பளிச்சென்ற நிறங்களில்தான் சிக்கல். ஒரு பெயின்ட்டில் பசை, கரைப்பான், நிறப்பொடி என்று மூன்றுண்டு. கரைப்பான் ஆவியாகிவிடும்; பசையும் பொடியும் கம்பியில் தங்கும். ஆகவே கம்பியில் எது தங்குகிறது என்பதை நிறப்பொடியை வைத்தே பாருங்கள்.

நல்ல வெள்ளை என்றால் டைட்டேனியம் ஈரொட்சைட்டு. அது சூட்டிலும் உப்பிலும் அசையாது. மலிவு வெள்ளைகளில் நாக ஒட்சைட்டோ, நாக சல்பைட்டு கலந்த லித்தோபோனோ இருக்கலாம். கறுப்பு பெரும்பாலும் கரித்தூள், பிரச்சினையில்லை. செங்கல் நிறமும் காவி மஞ்சளும் இரும்பு ஒட்சைட்டு. அவையும் அமைதியானவை, வெயிலில் வெளிறாதவை. பளிச்சென்ற மஞ்சளும் செம்மஞ்சளும் தொழில்துறைப் பெயின்ட்டுகளில் ஈயக் குரோமேட்டாக இருக்கக் கூடும், சில கதமியமாகவும். நீலத்தில் பெரும்பாலானது தலோசயனின் என்ற பொடி. அதன் நிறையில் ஏறத்தாழ 11 வீதம் செப்பு. பச்சை அதே பொடியைக் குளோரினேற்றிச் செய்வது; அதன் நிறையில் ஏறக்குறைய பாதி குளோரின். சரி, பழைய அல்ட்ராமரீன் நீலம் எடுக்கலாமே என்றால் அதில் கந்தகம். கந்தகம் நிக்கலோடு சேர்ந்தால் 640 பாகைக்குக் கிட்டவே உருகும் கலவை உண்டாகும். மொனல் போன்ற நிக்கல் கலப்புலோகத்தைச் சூடாக்கும்போது அது வெடிக்க வைக்கும். 'கோல்ட்' பெயின்ட் என்று விற்பது பெரும்பாலும் பித்தளைத் தூள், அதாவது செப்பும் நாகமும். கலாபூர்வமாக இருக்கும், கம்பிப் பக்கம் கொண்டுவராதீர்கள்.

இதிலிருந்து எங்கள் ஆலோசனை: நிறத்தைக் குறையுங்கள், வளையத்தைக் கூட்டுங்கள். பத்து உலோகத்துக்குப் பத்து நிறம் வேண்டாம். ஐந்து டின் போதும். ஒவ்வொரு நிறமும் ஒரு குடும்பம், எத்தனை வளையம் என்பது அந்தக் குடும்பத்தில் எந்த ஆள் என்பது. வளையத்தின் அகலம் 20 மில்லிமீற்றர், இடைவெளியும் 20. மூன்று வளையத்துக்கு முனையில் 100 மில்லிமீற்றர் போதும்.

ஸ்டெயின்லெஸ்ஸுக்கு வெள்ளை. 304க்கு ஒரு வளையம், 316க்கு இரண்டு. டூப்ளெக்ஸ் 2205 எப்போதாவது வாங்கினால் மூன்று. சாதாரண இரும்புக்கும் உருக்குக்கும் காவி மஞ்சள். கறுத்த தோலின் மேலும் கறள் மேலும் அதுதான் எடுப்பாகத் தெரியும். மைல்ட் ஸ்டீல் ஒன்று, ஈ.என். 8 இரண்டு, ஈ.என். 19 மூன்று. அலுமினியத்துக்குச் செங்கல் நிறம். 6061, 6082 ஒன்று, படகு வேலைக்கான 5083 இரண்டு. செப்புக் கலப்புகளுக்கு நீலம். செப்பின் மேல் செப்புள்ள பொடி இருப்பதால் இழப்பில்லை. பித்தளை ஒன்று, கன்மெட்டலும் பொஸ்பர் வெண்கலமும் இரண்டு, அலுமினிய வெண்கலம் மூன்று. கடைசி இரண்டையும் பித்தளையோடு கண்ணால் பிரிப்பது கடினம் என்பது உங்களுக்கே தெரியும். பித்தளையைக் கடல்நீருக்குள் விட்டால் நாகம் கரைந்து போய்ச் செம்புப் பஞ்சுதான் மிஞ்சும்.

ஐந்தாவது நிறம் கறுப்பு. அதற்கு ஒரே பொருள்: வெல்ட் பிடிக்காதே. குடும்ப நிறத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வளையம். 303 ஸ்டெயின்லெஸ்ஸுக்கு அது கட்டாயம். லேத்தில் சுலபமாகக் கடைய வேண்டும் என்றே அதில் 0.15 வீதத்துக்குக் குறையாமல் கந்தகம் சேர்த்திருக்கிறார்கள். ஒட்டினால் வெடிக்கும், கடல்நீரில் 304ஐவிட வேகமாகக் குழி விழும். 12எல்14 போன்ற ஈயம் கலந்த உருக்கு, ஈயம் கலந்த லேத் பித்தளை, 2024, 7075 அலுமினியம் எல்லாவற்றுக்கும் கறுப்பு. புதிதாகச் சேரும் பையனுக்கு முழு அட்டவணையும் மனப்பாடமாக மாதக்கணக்காகும். கறுப்பை மட்டும் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆண்களில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகவே தெரியும். பலருக்கு அது தங்களுக்கே தெரியாது. வளையத்தை எண்ணியே வகையைப் பிரிக்கலாம் என்பதால் அந்தத் தொல்லையும் குறைகிறது.

எல்லோரும் பின்பற்றும் அட்டவணை கேட்டீர்கள். இல்லை. பி.எஸ். 5383 என்ற பிரித்தானிய நியமமும் அமெரிக்காவின் பைப் ஃபேப்ரிகேஷன் இன்ஸ்டிடியூட் என்ற குழாய்த் தொழில் அமைப்பின் ஈ.எஸ்-22 என்ற வழிகாட்டியும் இருக்கின்றன. ஆனால் ஆலைகளும் இறக்குமதியாளரும் தத்தம் நிறத்தையே அடித்து அனுப்புகிறார்கள். ஒருவரின் சிவப்பு இன்னொருவரின் மஞ்சள். ஆகவே கொழும்பிலிருந்து வந்த கம்பியின் முனையில் இருக்கும் நிறத்தை உங்கள் அட்டவணையோடு ஒப்பிடாதீர்கள். சான்றிதழைப் பார்த்து, உங்கள் வளையத்தைப் போட்டு, அவர்களின் நிறத்தை அழித்துவிடுங்கள். ஒரு கம்பியில் இரண்டு மொழி பேசக் கூடாது.

எந்த வகைப் பெயின்ட்? ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மட்டும் காசைப் பார்க்காதீர்கள். 'லோ குளோரைட்', 'ஹை பியூரிட்டி' என்று குறித்த பெயின்ட் மார்க்கர் பேனாக்கள் உண்டு. மார்க்கால், டைகெம் போன்ற பெயர்களில் தொழில்துறைப் பொருள் விற்பவர்கள் தருவித்துக் கொடுப்பார்கள். அந்தப் பெயர்களிலேயே சாதாரண பேனாவும் உண்டு, ஏமாறாதீர்கள். கேட்க வேண்டியது அந்தத் தொகுதிக்கான சான்றிதழ். அதில் குளோரின், புளோரின் முதலான ஹாலஜன்கள், கந்தகம், ஈயம், நாகம், வெள்ளீயம், கதமியம், செப்பு, பாதரசம் ஆகியவற்றின் அளவு இருக்க வேண்டும். அணுமின் வேலைகளில் கேட்பது வழக்கமாக ஒவ்வொன்றும் 200 அல்லது 250 பி.பி.எம்முக்கு (பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு) கீழ். விலை அதிகம் என்று பின்வாங்குமுன் கணக்குப் பாருங்கள். 25 மில்லிமீற்றர் கம்பியில் ஒரு வளையம் 16 சதுர சென்ரிமீற்றர்கூட இல்லை. லீற்றருக்கு 10 சதுர மீற்றர் என்று வைத்தால் 50 மில்லிலீற்றர் பெயின்ட் 300 வளையத்துக்குக் காணும். ஒரு ஹோட்டல் கைப்பிடியைக் கழற்றி மாற்றும் செலவோடு இது எட்டாது.

சான்றிதழ் பேனா வரும்வரை வெள்ளை அக்ரிலிக், நீரில் கரைவது, டைட்டேனியம் ஈரொட்சைட்டு என்று தரவுத்தாளில் போட்டது எடுக்கலாம். ஆனால் வெல்டுக்கோ வளைக்கும் சூட்டுக்கோ போகுமுன் முழுவதும் நீக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இரும்புக்கும் அலுமினியத்துக்கும் சாதாரண அக்ரிலிக் போதும். கல்வனைஸ் குழாய்க்கு எண்ணெய் எனமல் அடிக்காதீர்கள். எனமலின் எண்ணெய் அமிலமும் நாகமும் சேர்ந்து அடியில் சவர்க்காரமாகிவிடும். சில மாதத்தில் தோல் உரிவதுபோல உரிந்து விழும். அங்கும் அக்ரிலிக்தான். பித்தளைக்கு மட்டும் எதிர்மாறு: நீர்ப் பெயின்ட்டுகளில் அமோனியா கொஞ்சம் சேர்ப்பதுண்டு, ஆகவே கரைப்பான் வகை எடுங்கள். இழுத்து நீட்டிய பித்தளைக் கம்பிக்குள் இறுக்கம் இருக்கும், அமோனியா அதை வெடிக்கச் செய்யும். பிரித்தானியர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலம் முழுக்கக் குதிரை லாயத்தில் வைத்த தோட்டா உறைகள் வெடித்துக் கிடந்தது குதிரை மூத்திரத்தின் அமோனியாவால்தான். பெயின்ட்டில் உள்ள அளவு அதற்குப் பக்கத்தில் தூசு. ஐஸ் ஆலைக்கோ யூரியா மூட்டைக்கோ பக்கத்தில் பித்தளையை அடுக்குவதுதான் பெரிய பிழை.

வீதிக்கோட்டுப் பெயின்ட் வேண்டாம். பழைய பாணி வீதிப் பெயின்ட் பல குளோரினேற்றிய இறப்பரில் செய்தவை. நீச்சல் தடாகப் பெயின்ட்டும் அப்படியே. மஞ்சளில் ஈயக் குரோமேட்டும் இருக்கக் கூடும். பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை. வீட்டுப் பெயின்ட்டுக்குக் காட்டும் கண்டிப்பை வீதிப் பெயின்ட்டில் எதிர்பார்க்க முடியாது.

கையில் இருக்கும் டின்னில் குளோரின் இருக்கிறதா என்று பட்டறையிலேயே ஒரு சோதனை செய்யலாம். பெய்ல்ஸ்டைன் சோதனை என்பார்கள். மூடியின் உட்பக்கத்தில் ஒரு துளி பெயின்ட்டைத் தடவி ஒரு நாள் காயவிடுங்கள். மின்வயரிலிருந்து உரித்த தடித்த செப்புக் கம்பியை காஸ் டோர்ச்சின் நீலச் சுவாலையில் பிடியுங்கள். முதலில் பச்சையாக எரியலாம். பச்சை முழுக்க மறைந்து சுவாலை சுத்தமாகும்வரை பிடிக்க வேண்டும். பிறகு சூடான முனையால் காய்ந்த பெயின்ட்டை ஒரு கடுகளவு தொட்டெடுத்துச் சுவாலையின் ஓரத்தில் திரும்பக் காட்டுங்கள். பசை எரியும் மஞ்சள் முதலில் வரும். அது அடங்கியதும் மரகதப் பச்சை எழுந்தால் ஹாலஜன் இருக்கிறது. உங்கள் நீல டேப்பில் ஒரு துணுக்கை வைத்து முதலில் பழகுங்கள், பச்சை எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பிடிபடும். வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்யுங்கள்; புகை நல்லதல்ல. பச்சை வந்தால் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு வேண்டாம் என்று ஒதுக்கலாம். வராவிட்டால் சான்றிதழ் கிடைத்துவிட்டது என்று பொருளில்லை. ஈயத்தையும் நாகத்தையும் இது காட்டாது.

அடிப்பதற்குமுன் உப்பைக் கழுவுங்கள். கடற்காற்று வீசும் மாதங்களில் வெளியே கிடந்த கம்பியைத் துணியால் துடைத்தால் போதாது. பெயின்ட்டுக்கு அடியில் உப்பை மூடி வைத்தது போலாகும், டேப்பின் கதை திரும்பும். கடற்கரைக் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம், அதிலேயே உப்பு. மழைநீர் நல்லது. ஆனால் வெயில் காலத்துக்குப் பின் கூரையில் விழும் முதல் மழையை ஓடவிட்டுவிட்டுப் பிடியுங்கள். கழுவி, காயவிட்டு, அசிட்டோன் தோய்த்த வெள்ளைத் துணியால் துணி கறுக்காமல் வரும்வரை துடையுங்கள். பிரேக் கிளீனர் டின்னால் துடைக்காதீர்கள். பலவற்றில் குளோரின் கரைப்பான் உண்டு. அதன் ஆவி ஆர்க்கின் கீழ் பொஸ்ஜீன் என்ற போர்க்கள நச்சுவாயுவாக மாறும். வழுவழுப்பான ஸ்டெயின்லெஸ்ஸிலும் அலுமினியத்திலும் பெயின்ட் பிடிக்க, இரும்பில் ஒருபோதும் பாவிக்காத புது உராய்வுத் தாளால் மெல்லத் தேய்த்து, அன்றே அடியுங்கள். இரும்பு பிரஷ் பட்ட ஸ்டெயின்லெஸ் கறள் பிடிக்கும். பிறகு 'இது நல்ல ஸ்டெயின்லெஸ் இல்லை' என்று கடைக்காரரோடு சண்டை வரும். மாரியில் காலை எட்டு மணிக்கு அடிக்காதீர்கள், கம்பி வியர்த்திருக்கும்.

ஸ்பிரே டின்னைவிட 20 மில்லிமீற்றர் பிரஷ் நல்லது. ஸ்பிரே பக்கத்துக் கம்பிக்கும் அரை நிறம் கொடுக்கும். வாங்கியேயாக வேண்டுமானால் 50 பாகைக்கு மேல் சூடாகும் இடத்தில், அதாவது தகரக் கூரைக்கு நேர் கீழே, வைக்காதீர்கள்.

வளையம் ஒரு முனையில் மட்டும். வெட்டுவது எப்போதும் மறுமுனையில். இந்த ஒழுங்கு தப்பினால் மற்றதெல்லாம் வீண். றாக்கையில் நிறமுள்ள முனை ஆள் நடக்கும் பக்கம் பார்த்திருக்கட்டும். வெட்டும்போது, வாள் ஓடுமுன், பிரியப் போகும் துண்டில் வளையத்தைப் போட்டுவிட வேண்டும். வெட்டியபின் போடலாம் என்றால் போடப்படாது. லேத்துக்கு மட்டும் போகும் கம்பிக்கு முனை வளையத்தோடு நீளவாக்கில் 10 மில்லிமீற்றர் கோடும் இழுக்கலாம், எந்தத் துண்டும் அடையாளத்தோடு பிரியும். ஆறு மீற்றர் கம்பிக்கு ஒரு பூச்சில் 6 மில்லிலீற்றர் போகும். வெல்டுக்குப் போகும் குழாயில் கோடு வேண்டாம், எங்கே ஒட்டினாலும் பெயின்ட் மேலேயே ஒட்டுவீர்கள். ஒட்டுக்கு இருபுறமும் குறைந்தது 50 மில்லிமீற்றர் வெறும் உலோகமாக இருக்க வேண்டும். பெயின்ட் நீக்கியும் மெத்திலீன் குளோரைட்டு இல்லாததாக இருக்கட்டும். அசிட்டோன் முழுக்கக் காயாமல் ஆர்க் போடாதீர்கள்.

நிறம் அடிப்பதற்குமுன் எது எது என்று நிச்சயமாகத் தெரிய வேண்டுமல்லவா? இப்போது கலந்து கிடப்பவற்றில் 304ஐயும் 316ஐயும் காந்தத்தால் பிரிக்க முடியாது. கிரைண்டர் பொறியாலும் முடியாது. 316இல் உள்ள 2 முதல் 3 வீத மொலிப்டினம்தான் வித்தியாசம். மின்கலத்தோடு வரும் மொலிப்டினச் சொட்டுச் சோதனைப் பெட்டி சிறிது காசுக்குக் கிடைக்கும், ஒரு சொட்டில் பதில் சொல்லும். எக்ஸ்-கதிர்த் துப்பாக்கி உள்ள இடத்தில் காட்டினால் கலவை முழுவதும் தெரியும். அதுவும் கரியின் அளவைப் பார்க்காது. 304ஐயும் 304எல்ஐயும் அது பிரிக்காது. அலுமினியத்தில் ஒரு துளி கோஸ்டிக் சோடாக் கரைசலை விட்டுச் சில நிமிடம் பொறுங்கள். கறுத்தால் செப்பு உண்டு, 2024 அல்லது 7075 குடும்பம். கறுப்பு வளையம் போடுங்கள். வெளுத்தே இருந்தால் 5083 அல்லது 6061 ஆகலாம். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அந்தப் போத்தலைத் திறக்காதீர்கள்.

எந்தச் சோதனையிலும் தெளியாத கம்பிக்கு எந்த நிறமும் அடிக்க வேண்டாம். நிறமில்லாதது தெரியாதது. அதற்கென்று சுவரோரம் ஒரு மூலையை ஒதுக்கி, அங்கிருந்து எடுத்தது கைப்பிடிக்கோ ஷாப்டுக்கோ போகாது, கொட்டில் தூணுக்கும் மேசைக்காலுக்கும்தான் போகும் என்று பாஸிடம் சொல்லி வையுங்கள். சிவப்பு ஆன்டிஃபௌலிங் அடித்த கம்பிகள் முனை வெட்டிச் சோதிக்கும்வரை அந்த மூலையிலேயே இருக்கட்டும்.